நாற்பத்திரண்டில் பைலட் ஆகலாமா?

சட்டப்படி ஆகலாம். அதில் குழப்பமே இல்லை. இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் (சிபிஎல்) வாங்க 18 வயது ஆகியிருந்தால் போதும். ஏர்லைன் விமானத்தை 65 வயது வரை ஓட்டலாம். நடுவில் இந்த வயதுக்கு மேல் ஆரம்பிக்கக் கூடாது என்று விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ எங்கேயும் சொல்லவில்லை. அதைப் பார்த்துத்தான் எனக்கும் சபலம் தட்டியது. தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் சாஃப்ட்வேர் மேனேஜர் வேலை, சேலையூரில் லோன் போட்டு வாங்கிய ஃபிளாட், ஒன்பதாவது படிக்கும் மகள். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

சேலையூர்க்காரனுக்கு விமான ஆசை வர வேறு காரணம் தேட வேண்டாம். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனாலே தலைக்கு மேல் ஒரு பயிற்சி விமானம் வட்டமடித்துக்கொண்டிருக்கும். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் இயங்கும் ஃபிளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல், பைலட்டுகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார்களை உருவாக்கும் பள்ளி. இந்தப் பக்கம் அது, அந்தப் பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம். இரண்டுக்கும் நடுவே குரோம்பேட்டை எம்ஐடி, அப்துல் கலாம் ஏரோநாட்டிக்கல் படித்த இடம். விமானப்படைத் தேர்வுக்கு டேராடூன் போய், எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து அவர் திரும்பிய கதையை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிடுவார்கள். 2006 ஜூனில், ஜனாதிபதியாக, 74 வயதில், புனேயில் சுகோய் விமானத்தில் ஏறிப் பறந்ததையும் சேர்த்துச் சொல்வார்கள். நடுவில் ஏறத்தாழ ஐம்பது வருடம் அவர் வேறு வேலை பார்த்தார் என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

நடுவயதில் இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒரே யோசனை. சின்னச் செலவை முதலில் செய்யுங்கள், பெரிய செலவைக் கடைசிக்குத் தள்ளுங்கள். மெடிக்கல் ஆயிரக்கணக்கில் முடிந்துவிடும். கிரவுண்ட் கிளாஸ் லட்சத்தைத் தொடும். பறக்கும் மணி நேரங்கள் வீட்டையே கேட்கும். எந்தப் படியில் நின்றாலும் அதுவரை போன பணம் போகட்டும் என்று சொல்ல முடிய வேண்டும். போன் செய்து விசாரித்தால் பள்ளிக்காரர்கள் இதைத் தலைகீழாகத்தான் சொல்வார்கள்: இப்போது அட்வான்ஸ் கட்டி சீட்டைப் பிடியுங்கள் சார், மெடிக்கல் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். அப்புறம் பார்த்து, ‘அன்ஃபிட்’ என்று வந்தவர்கள் அட்வான்ஸைத் திரும்ப வாங்க அலைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மெடிக்கலில் இரண்டு கட்டம். முதலில் டிஜிசிஏ அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2. அது தேறினால் கிளாஸ் 1, பெங்களூரில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனத்திலோ, டெல்லியிலோ, அங்கீகாரம் பெற்ற வேறு சில மையங்களிலோ. நான் போன கிளினிக்கின் வரவேற்பறை முழுக்க அப்பாக்களும் பிள்ளைகளும். பத்தொன்பது வயசுப் பையன் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பான். அப்பா மடியில் ஃபைலோடு. என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, “பையன் எங்க சார்? வரச் சொல்லுங்க” என்றார். நான்தான் என்றேன். ஃபாரத்தை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். “உக்காருங்க சார், பிபி கொஞ்ச நேரம் கழிச்சுப் பாக்கலாம்” என்றார். கரிசனத்தில் சொன்னதுதான்.

கண்ணாடி போட்டிருப்பது பிரச்சினை இல்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக இருக்க வேண்டும். நிறங்களைப் பிரித்துப் பார்ப்பதில் குறை இருந்தால்தான் சிக்கல். காது கேட்கும் சோதனைக்கு ஒரு பெட்டிக்குள் அடைத்து, ‘பீப்’ கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். மெப்ஸ் ஏசி இரைச்சலிலும் வேளச்சேரி மெயின் ரோடு ஹாரனிலும் பழகிய காதுக்கு அந்த நிசப்தமே புதிது. நம் வயதுக்காரர்களுக்கு இவற்றையெல்லாம்விட முக்கியம் சுகரும் பிபியும் ஈசிஜியும். மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ‘பார்டர்லைன்’ என்று எழுதினால் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு நாம் மறந்துவிடுவோம். இங்கே அந்தச் சொல்லுக்கு மேலும் பரிசோதனைகள் என்று அர்த்தம், சில சமயம் ‘டெம்பரரி அன்ஃபிட்’ என்று அர்த்தம். இது ஒரு தடவையோடு முடிகிற தேர்வும் அல்ல. கிளாஸ் 1 மெடிக்கலை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், அறுபதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இருபத்திரண்டு வயதில் சேர்பவன் இந்தக் கண்டத்தை இருபது வருடம் கழித்து யோசித்தால் போதும். நாம் யோசித்துக்கொண்டேதான் சேர வேண்டும்.

அடுத்தது காகிதம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது விதி. காமர்ஸ் குரூப்காரர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக அந்த இரண்டு பாடங்களையும் எழுதிவிட்டு வருகிறார்கள். தேர்வு எழுத டிஜிசிஏவிடம் கம்ப்யூட்டர் நம்பர் வாங்க வேண்டும். அதற்குப் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுகள் அசல்தான் என்று நம் தேர்வுத் துறையிடம் உண்மைத்தன்மைச் சான்று வாங்க வேண்டும். தொண்ணூறுகளின் மார்க் ஷீட், மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டியது. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை டிபிஐ வளாகத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனபோது, வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனிக்காகக் கேட்கிறேன் என்றே ஊழியர் நினைத்தார். பைலட் கோர்ஸுக்கு என்று சொல்லிப் பழகும்வரை கூச்சமாகத்தான் இருந்தது. பின்னால் அந்தக் கூச்சம் போய்விட்டது. அதையும் ஒரு பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

படிப்பு எனக்குப் பிடித்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஏர் ரெகுலேஷன், நேவிகேஷன், மெட்டியாராலஜி, டெக்னிக்கல் ஜெனரல், டெக்னிக்கல் ஸ்பெசிஃபிக். ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ரேடியோவில் பேசுவதற்கு ஆர்டிஆர் என்று தனித் தேர்வு. வருடக்கணக்கில் அமெரிக்க கிளையண்ட்டோடு கான் காலில் மல்லுக்கட்டியவனுக்கு அந்தப் பேச்சு கஷ்டமில்லை. ஆபீஸ் முடிந்து வந்து, எல்லோரும் தூங்கிய பிறகு டைனிங் டேபிளில் படித்தேன். கிரவுண்ட் கிளாஸ் பிள்ளைகள் மனப்பாடத்தில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டார்கள். காரணம் புரிந்து படிப்பதில் நான் தேவலை.

மெட்டியாராலஜி புத்தகம் எங்கள் மொட்டை மாடியையே எனக்கு விளக்கிச் சொன்னது. விமானம் எதிர்காற்றில்தான் எழும்பும், எதிர்காற்றில்தான் இறங்கும். மே மாதத்தில் காலையிலிருந்து மேற்குக் காற்று அனல் வீசும். மீனம்பாக்கத்தில் விமானங்கள் மேற்கு முகமாகக் கிளம்பும். அப்போது அந்த ஓடுபாதையின் பெயர் 25, அதாவது திசைகாட்டியில் 250 டிகிரி. மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே நுழைந்ததும் அதே பாதையை மறுமுனையிலிருந்து பிடிப்பார்கள். பெயர் 07 ஆகிவிடும், 70 டிகிரி. கடல்காற்று கிழக்குத் தாம்பரம் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். பிளேன் திசை மாறியதை மொபைல் ஆப்பில் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்ச நேரத்துல காத்து வந்துடும்பா” என்று என் மகள் சொல்ல ஆரம்பித்தாள். பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

இந்த இடத்தில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். படிப்பு ருசித்துவிட்டதால் வேலையும் ருசிக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எங்கள் அபார்ட்மெண்டில் விமானப்படையில் இன்ஸ்ட்ரக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் வாக்கிங்கில் அவரிடம் சொன்னேன். நின்று கேட்டார்.

“பறக்கக் கத்துக்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல தம்பி. கை கால் ஒழுங்கா இருந்தா யாருக்கும் வரும். நாப்பது வயசுக்கு மேல திட்டு வாங்கிக் கத்துக்கறதுதான் கஷ்டம்.”

“ஆபீஸ்ல வாங்காத திட்டா சார்?”

“அங்க திட்டறவனுக்கு உங்க சர்வீஸ் தெரியும். இங்க இருபத்திமூணு வயசுப் பையன் இன்ஸ்ட்ரக்டரா உக்காந்திருப்பான். ‘சார்’னு கூப்பிடணும். லேண்டிங்ல சொதப்பினா கையைத் தட்டிவிட்டுட்டுக் கன்ட்ரோலை அவன் எடுத்துப்பான். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வருமான்னு யோசிச்சுப் பாருங்க.”

யோசித்தேன். இன்ஸ்ட்ரக்டரோடு முடிகிற விஷயமும் இல்லை இது. ஏர்லைனில் எல்லாம் சீனியாரிட்டி. எந்தத் தேதியில் சேர்ந்தீர்களோ அந்த வரிசையில்தான் கமாண்ட், ஊர், பல நேரம் தீபாவளி லீவுகூட. வெளியில் இருபது வருடம் ஆள் மேய்த்த அனுபவத்துக்கு அந்த வரிசையில் ஒரு இடம்கூட முன்னே தர மாட்டார்கள். பெரிய லைசென்ஸான ஏடிபிஎல்லுக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வலது சீட்டில் நாற்பத்தாறு வயது ஃபர்ஸ்ட் ஆபீசர், இடது சீட்டில் முப்பது வயது கேப்டன் என்பது அங்கே சாதாரணக் காட்சி. சென்னை பேஸ் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. சேலையூர் ஃபிளாட்டுக்கு ஈஎம்ஐ கட்டிக்கொண்டே டெல்லியில் அறை எடுத்துத் தங்க வேண்டி வரலாம்.

இனி பணம். சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் நீங்களே விமானத் தலைவராக, கிராஸ் கன்ட்ரி 20 மணி நேரம், அதற்குள் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாத ஒரு நீண்ட பயணம், கருவிகளை மட்டும் பார்த்து 10, இரவில் 5. நான் விசாரித்த வரையில் இந்தியாவில் இதற்கு 45 முதல் 60 லட்சம் கேட்கிறார்கள். ஏ320 மாதிரியான குறிப்பிட்ட விமானத்தை ஓட்டும் டைப் ரேட்டிங்குக்கு இன்னொரு பதினைந்து லட்சம் எடுத்து வையுங்கள். 60 லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, பத்து வருடம் என்று போட்டால் மாதம் ஏறத்தாழ 81,000 ரூபாய். எல்லோரும் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விட்டுவிட்டு வரும் சம்பளத்தை யாரும் எழுதுவதில்லை. மாதம் ஒன்றரை லட்சம் வாங்குகிறவர் மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்தால் அதுவே 54 லட்சம். பத்தொன்பது வயசுப் பையனின் நோட்டில் இந்த வரி பூஜ்யம். நம் நோட்டில் அது கிட்டத்தட்ட இன்னொரு ஃபிளையிங் ஸ்கூல் ஃபீஸ். எல்லாம் சேர்த்தால் ஒன்றேகால் கோடியைத் தாண்டும். நான் பேசிய இளம் ஃபர்ஸ்ட் ஆபீசர்கள் சொன்ன சம்பளம் ஒன்றரைக்கும் இரண்டரை லட்சத்துக்கும் நடுவே. சில வருடங்களில் நன்றாக ஏறும், உண்மைதான். அந்த ஏற்றத்தை அனுபவிக்க நமக்கு எத்தனை வருடம் மிச்சம் என்பதுதான் கேள்வி. 42இல் ஆரம்பித்து 46இல் வேலை கிடைத்தால் 65க்குப் பத்தொன்பது வருடம், அதுவும் மெடிக்கல் வருடாவருடம் தேறினால்.

வேலை உடனே கிடைக்குமா? 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்ததைப் படித்தவர்கள், பைலட் கிடைக்காமல் ஏர்லைன்கள் திண்டாடும் என்று நினைத்துவிட்டார்கள். அதே செய்தியைப் படித்த பிள்ளைகள் எல்லோரும் பள்ளிகளில் சேர்ந்ததை மறந்துவிட்டார்கள். 2022இல் டிஜிசிஏ வழங்கிய சிபிஎல் 1,165, 2023இல் 1,622. ஆர்டர் கொடுத்த விமானம் வந்து சேரப் பல வருடம் ஆகும். லைசென்ஸ் வாங்கியவன் இன்றே வாசலில் நிற்கிறான். இதற்கு நடுவில் ஒரு கம்பெனி படுத்தால் வரிசை இன்னும் நீளும். கிங்ஃபிஷர் 2012, ஜெட் ஏர்வேஸ் 2019, கோ ஃபர்ஸ்ட் 2023. ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்தவர்கள் வேலை தேடித் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால்தான் 200 மணி நேரப் புதுமுகம் நிற்க வேண்டும். வேலை உறுதி என்று சொல்லிச் சேர்க்கும் ஏர்லைன் கேடட் திட்டங்கள் பெரும்பாலும் முப்பதுகளின் தொடக்கத்திலேயே கதவைச் சாத்திவிடும். நடுவயதுக்காரருக்குத் திறந்த சந்தைதான்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2025இல் பைலட்டுகளின் ஓய்வு விதிகளை மாற்றினார்கள். வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவுத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அந்த டிசம்பரில் போதிய பைலட் இல்லாமல் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தானபோது மீனம்பாக்கத்தில் ஜனங்கள் பெட்டி மேல் உட்கார்ந்திருந்ததை டிவியில் எல்லோரும் பார்த்தோம். பயணிகளின் கோபம் நியாயம்தான். நான் பார்த்தது வேறு. விதியை இவ்வளவு இறுக்க வேண்டியிருந்தது என்றால், அதற்கு முன் அந்த ரோஸ்டர் எப்படி இருந்திருக்கும்? இரண்டு மணிக்கு எழுந்து மூன்றரைக்கு ரிப்போர்ட் பண்ணுவது இருபத்தைந்தில் சாகசம். நாற்பத்தைந்தில் மறுநாள் பிபி மெஷினில் தெரியும்.

வீட்டில் பேசியதைச் சொல்லாமல் விட்டால் இது பாதிக் கணக்கு. 2025 ஜூனில் அகமதாபாத் விமான விபத்து. நவம்பரில் எங்கள் தாம்பரத்திலிருந்து பறந்த பயிற்சி விமானம் ஒன்று திருப்போரூர் பக்கம் விழுந்தது, பைலட் குதித்துத் தப்பினார். என் மனைவி இதைத்தான் பிடித்துக்கொள்வாள் என்று பதில்களோடு தயாராக இருந்தேன். அவள் அதைத் தொடவே இல்லை.

“விழுந்துடுவீங்கன்னு எனக்கு பயமில்லைங்க. மூணு வருஷம் படிச்சுட்டு வேலை கிடைக்காம வீட்ல உக்காந்திருப்பீங்களே, அந்த மூஞ்சிய யார் பாக்கறது? பாப்பா அப்போ பிளஸ் டூ முடிச்சிருப்பா. அவ ஃபீஸா, உங்க டைப் ரேட்டிங்கா?”

இந்தக் கேள்விக்கு எக்ஸெல்லில் வரி இல்லை. ஒரு எண் மட்டும் கேட்டாள்: எவ்வளவு போனால் நிறுத்துவீர்கள்? நீங்களும் வீட்டில் பேசும்போது அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். நாங்கள் எழுதிய எண்ணில் சிபிஎல்லின் பாதிகூட அடங்கவில்லை. பறக்கும் பணத்தைக் கட்டாமல் அங்கேயே நின்றுவிட்டேன். மெடிக்கலும் தேர்வுகளும் கையில் இருக்கின்றன, ஏர்லைன் வேண்டாம்.

பறப்பதே வேண்டாம் என்று இல்லை. பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு 40 மணி நேரம் போதும், கிளாஸ் 2 மெடிக்கல் போதும். சம்பளம் வாங்கி ஓட்ட முடியாது, அவ்வளவுதான். வேலையாகவே வேண்டும் என்பவர்கள் டிரோன் பக்கம் பார்க்கலாம். பத்தாவது தேறிய, 18 முதல் 65 வயதுக்குட்பட்ட யாரும் ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கலாம். குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில்தான் தமிழ்நாடு அரசின் ஆளில்லா வான்கலன் கழகமே இயங்குகிறது. எம்ஐடியின் தக்‌ஷா டிரோன் குழுவுக்கு 2018இல் ஆலோசகராக நடிகர் அஜித் வந்துபோனதை எங்கள் ஏரியா ஆட்டோக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். எனக்கென்னவோ கலாம், அஜித் எல்லோரையும்விட ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸைத்தான் பிடிக்கும். மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியவர். சொந்தமாக ஒரு விமானத்தை வடிவமைத்து, சிம்சன் கம்பெனியில் செய்யச் சொல்லி, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். எங்கள் ஜிஎஸ்டி ரோட்டு டிராஃபிக்கில் நிற்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வரும். பிழைப்பு ஹோட்டல், ஆசை விமானம். ஒன்றை விட்டுத்தான் இன்னொன்று என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

என் டீமில் இருந்த தம்பி ஒருவனுக்கு முப்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை, கடன் இல்லை, சிக்கனமாகச் சேர்த்த பணம் கையில். அவன் கேட்டபோது போகச் சொன்னேன். தமிழ்நாட்டிலேயே சேலத்தில் பள்ளி இருக்கிறது. மகாராஷ்டிராவில் கோந்தியா, உத்தரப்பிரதேசத்தில் ரேபரேலி பக்கம் 1985இல் தொடங்கிய அரசின் இந்திரா காந்தி அகாடமி என்று பட்டியல் நீளம். 2025இல் டிஜிசிஏ பள்ளிகளுக்குத் தரவரிசை போட ஆரம்பித்தது. முதல் பட்டியலின் மேல் இரண்டு வகைகளில் ஒரு பள்ளிகூட வரவில்லை. அதனால் பிரோஷரை ஒதுக்கிவிட்டு ஹேங்கருக்குப் போ என்றேன். இன்று காலை பறக்கும் நிலையில் எத்தனை விமானம், அதற்கு எத்தனை மாணவர், எத்தனை இன்ஸ்ட்ரக்டர் என்று நேரில் எண்ணு. போன பேட்ச் 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் முடித்தது என்று கேள். மழைக்காலத்தில் எத்தனை வாரம் சும்மா இருப்பார்கள், நடுவில் பள்ளி மாறினால் கட்டிய பணம் எவ்வளவு திரும்பும், எரிபொருள் விலை ஏறினால் யார் தலையில் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கு. ஆபீஸில் கேட்பதை வெளியே டீக்கடையில் நிற்கும் மாணவர்களிடம் மறுபடி கேள். இரண்டு பதிலும் ஒத்துப்போகும் இடமாகப் பார்த்துச் சேர். வேலை கிடைத்த பிறகு விலகவும் அவசரப்பட முடியாது, ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாத நோட்டீஸ், கேப்டனுக்கு ஒரு வருடம், அதையும் தெரிந்துகொண்டு போ.

போனான். போன வாரம் கூப்பிட்டான். “அண்ணே, ரெண்டு பிளேன் ரிப்பேர்ல நிக்குது, ஸ்பேர் வரணுமாம். ரூம்ல சும்மாதான் கிடக்கோம். உங்க மெட் புக்கும் நேவிகேஷன் புக்கும் கொரியர் பண்ணி விடுங்களேன், பென்சில்ல கோடு போட்டு வச்சிருப்பீங்களே.” மெட்டியாராலஜியை அனுப்பிவிட்டேன். நேவிகேஷன் தர முடியாது, எனக்கு வேணும் என்று சொல்லிவிட்டேன்.